துப்புரவு நாள்

பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு கணவர் தணிகாசலம் தினமும் ரெஜினா என்றொருத்தியோடு கிசுகிசுப்பது வேதவல்லிக்குப் பிடிக்கவே இல்லை. நகரக் கணினிக்கு நிரல் எழுதும் ஜாவா புரோகிராமராக இருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளை குட்டி இல்லாதவர், அப்படி என்னதான் பேசுவார்? ஒருநாள் காதைக் கொடுத்தபோது தன் பெயரே அடிபட்டது.

அவர் குளிக்கப் போன சமயம் அவர் போனிலிருந்து அந்த எண்ணை அழைத்தாள்.

"சொல்லுங்க சார். வேதவல்லியம்மா நல்லாருக்காங்களா?"

"நான்தான்டி பேசறேன். இனிமே எங்க ரெண்டு பேர் பேரும் உன் வாயில வரக்கூடாது. போன்லேருந்து அழிச்சிடு."

"நிஜமாவாம்மா? சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அழின்னா அழி!"

மறுநாள் மாதக் கடைசி, ஊரின் கதவு முதல் கணக்கு வரை எல்லாவற்றையும் ஆளும் நகரக் கணினியின் துப்புரவு நாள். யாரும் தேடாத பெயர்களை அது அள்ளிக்கொண்டு போய்விடும். அன்று இருவரும் காய்கறி வாங்கித் திரும்பியபோது வீட்டுக் கதவு திறக்கவில்லை. இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "இப்படி யாரும் இல்லை" என்றது.

தணிகாசலம் பையைக் கீழே வைத்தார். "ரெஜினாகிட்ட ஏதாவது சொன்னியா?"

சொன்னதைச் சொன்னாள்.

"வெளியாள் ஒருத்தராவது நம்மளை விசாரிச்சுக்கிட்டே இருக்கணும்னுதான் அந்தப் பொண்ணுகிட்ட கெஞ்சி வெச்சிருந்தேன். நீ பயப்படுவேன்னு சொல்லலை."

"எதுக்கு வெளியாள்? எனக்கு நீங்க, உங்களுக்கு நான். அது போதாதா?"

"ஒண்ணை ஒண்ணு மட்டும் பிடிச்சுக்கிட்டு நின்னா, அந்தக் கணினிக்கு ரெண்டுமே குப்பைதான்," என்றார் அவர், கதவைப் பார்த்தபடி. "துப்புரவு நிரல்ல அந்த வரியை எழுதினதே நான்தான், வேதா."