கணக்கு வாத்தியாரின் கார்

"ஆவி வரல, தண்ணி ஒழுகல, இன்ஜின் சூட்டைக் காட்டுற முள் மட்டும் சிவப்புக்கு ஏறுது. இதுக்கு என்னய்யா அர்த்தம்?"

கணக்கு வாத்தியார் தன் நோட்டைப் பிரித்து மெக்கானிக்கின் மூக்குக்கு நேரே நீட்டினார். எத்தனையாவது கிலோமீட்டரில் முள் எங்கே நின்றது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற அதே சிவப்புப் பேனாவில்தான்.

"முதல் வாரம் ரேடியேட்டர் மூடி, அடுத்த வாரம் தெர்மோஸ்டாட், அப்புறம் ஃபேன் பெல்ட்..." மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "இன்னிக்கு எடுத்துட்டுப் போங்க சார். இனிமே ஏறாது."

"போன வாரமும் இதையேதான் சொன்னே! சனிக்கிழமை எடுத்துட்டுப் போறேன், ஞாயித்துக்கிழமை முள் ஏறுது, திங்கக்கிழமை திரும்ப உன் ஷெட்டுல கொண்டாந்து விடுறேன். ஒன்றரை மாசமா டிராயிங் மாஸ்டர் ஸ்கூட்டர்ல தொத்திக்கிட்டு ஸ்கூலுக்குப் போறேன். அவரு ஓட்டுற லட்சணத்துக்கு முழுசா போய்ச் சேர்றதே பெரிசு. ஏதோ நீ காசு வாங்கலையேன்னு சும்மா இருக்கேன்."

ஓரமாகக் கிடந்த பழைய பஸ் சீட்டில் உட்கார்ந்திருந்த வாத்தியாரின் மனைவி குறுக்கிட்டாள். "வண்டி கிடக்கட்டும். திங்கக்கிழமை உங்க முழங்கால் ஆபரேஷன். முதல்ல அதை நினைங்க."

"அதைத்தான் நினைக்கிறேன். தள்ளிப் போடப் போறேன்."

"மூணாவது தடவையாவா?"

இடது முழங்கால் அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. மாடிப்படி ஏறினால் உயிர் போய்த் திரும்பியது. வெளியே யாரிடமும் காட்டிக்கொள்ள மாட்டார். தூக்கத்தில் அவர் முனகுவதைக் கேட்டுக்கொண்டு விழித்துக் கிடப்பவள் அவள்தான்.

"பொண்ணுக்கு இந்த மாசம் பிரசவம். அவ வீட்டுக்குப் போகவே ஒரு மணி நேரம் ஆகும். எப்ப போன் வரும்னு யாரு கண்டா? நான் ரெண்டு மாசம் காலை நீட்டிப் படுத்துட்டா வண்டியை யாரு ஓட்டுறது?"

"ஒரு டிரைவரை வெச்சுக்கலாமே சார்?"

"என் வண்டிக்கா?"

மாப்பிள்ளைக்குப் பெண்ணைக் கொடுத்தாரே தவிர, கார் சாவியைக் கொடுக்காத மனிதர் அவர். பதினோரு வருடமாக மெக்கானிக்கைத் தவிர வேறு யாரையும் அந்த ஸ்டீயரிங்கைத் தொட விட்டதில்லை.

"நான் கத்துக்கிறேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?"

"நீயா? நடக்கும்போதே கதவுல இடிச்சுக்கிறவ நீ." வாத்தியார் போனை எடுத்தார். "டாக்டர்கிட்ட இப்பவே சொல்லிடுறேன்."

"வைங்க போனை!"

அவள் எழுந்து மெக்கானிக்கின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"ஏய், என்ன பண்றே? இறங்கு!"

முன்னால் ஜாக்கியில் நின்ற லாரி, பக்கத்தில் ஒரு தூண், பின்னால் பாதி பிரித்துப் போட்ட வேன். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், ரிவர்ஸ் போட்டாள், ஒரே வளைவில் காரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். அந்த இடத்திலிருந்து வாத்தியார் ஒருநாளும் நாலு தடவை முன்னும் பின்னும் ஆடாமல் வண்டியை எடுத்ததில்லை.

"இந்தாங்க, லைசென்ஸ். நேத்துதான் வந்துச்சு." ஜன்னல் வழியாக நீட்டினாள். "திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போறேன். பிரசவத்துக்கும் நான்தான் ஓட்டுறேன். ஏறுங்க."

வாத்தியார் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வந்ததென்னவோ சந்தோஷம்தான். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலை வசதியாக நீட்டிக்கொண்டார். அப்போதுதான் கணக்கு உதைத்தது.

"அது சரி, வண்டிதான் ஒன்றரை மாசமா இவன் ஷெட்டுலயே கிடக்குதே. நீ எதுல ஓட்டிக் கத்துக்கிட்டே?"

அவள் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தாள். மெக்கானிக்தான் கையைத் துடைத்தபடி ஜன்னல் பக்கம் குனிந்தான்.

"அக்கா, முள் ஏறுறதுக்காக நான் உள்ளே போட்டு வெச்ச வயரை இனிமே கழட்டிடலாமா?"