வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே மவுஸ்

ஆபீஸில் புது வயர்லெஸ் கேமிங் மவுஸ் தந்து, வீட்டிலும் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். மகளோடு துப்பாக்கிச் சண்டை விளையாட உட்கார்ந்தேன்.

"சுடுப்பா! எதிர்லயே நிக்கிறான் பாரு!"

நான் பட்டனை அழுத்தவில்லை. நாலாவது ஆட்டத்திலும் செத்தேன்.

"வெறும் பொம்மைப்பா! அதைச் சுடவே உனக்கு மனசு வரல. நீயெல்லாம் ஆபீஸ்ல எப்படிக் குப்பை கொட்டுற?"

மறுநாள் மேலதிகாரி கேட்டார். "மவுஸ் எப்படி?"

"கைக்குள்ள நல்லா அடங்குது சார். மணிக்கட்டு வலிகூட இல்ல."

"சரி. அந்த வீடுதான்."

ஆளில்லா விமானம் அனுப்பிய படத்தில் ஒரு மொட்டைமாடி. கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

அழுத்தினேன். வீடு இருந்த இடத்தில் புகை எழுந்தது.

"கிளிக் சத்தம் வருதா?"

"கொஞ்சங்கூட வரல சார்."