பக்கத்துக்கொரு கையெழுத்து

சொந்தமாக எழுதிய மூன்று கதைகளைக் கல்லூரி விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று போட்டிருந்தது. அப்பா எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை என்ற தைரியத்தில்தான் சுடர்விழி தாள்களை நீட்டினாள். ஆறு பக்கங்களுக்கு மளமளவென்று போட்டவர், ஏழாவதில் மைப்பேனாவை ஊன்றியபடி அப்படியே இருந்துவிட்டார். பேனா முனையைச் சுற்றி மை ஊறிப் பெரிதாகிக்கொண்டே வந்தது. யாருடனோ ஓடிப்போய்விட்டதாக ஊரே நம்பும் ஒருத்தியின் செருப்புகள், அவள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புதைந்து கிடக்கிற கதை அது. சுடர்விழியின் அம்மா ஓடிப்போய்விட்டதாக ஊர் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

“செருப்பு அங்க கெடக்குன்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலப்பா. சும்மா, கற்பனைதான்.”

அப்பா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். தாள்களை மேசையில் தட்டி ஒழுங்காக அடுக்கினார். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“எத்தன செராக்ஸ் எடுத்து வச்சிருக்கம்மா?”

அவ்வளவு கனிவாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை.

“இன்னும் ஒண்ணுகூட எடுக்கலப்பா” என்றாள். பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பது, சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.