கடைசிப் பக்கத்துக் கதிரை

ஜெஸ்லியா டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு அடம்பன் பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் அவளுடைய பார்சலைப் பிரித்துப் பார்த்து, பழையபடி ஒட்டிவிட வேண்டும். தபால்காரர் அதை நம்பிக் கொடுத்துவிட்டுப் போன அடுத்த வீட்டு நூர்ஜஹானுக்கு, தனியாக இருக்கிற மனுசிக்கு, வேறென்ன அலுவல்?

ஜப்பான் சித்திரக்கதை, ஒன்பதாம் பாகம். அரபுக் கிதாபைப் போல வலப்பக்கமிருந்து புரட்டினாள். கொம்பு முளைத்த ஒருவனும் வாள் ஏந்திய ஒருவனும் ஒருவரையொருவர் காதலித்தார்கள். "அஸ்தஃபிருல்லாஹ்" என்று பாவமன்னிப்புக் கேட்டபடியே ஒரு பக்கமும் விடவில்லை. கடைசிப் பக்கத்தில் கொம்பன் மட்டும் கதிரையில் உட்கார்ந்து அவளையே பார்த்தான். அவசரமாக ஒட்டினாள்.

மறுநாள் மதிலடியில் விசாரித்தாள். "புத்தகம் எப்பிடி புள்ள?"

"கடைசிப் பக்கத்தில வெறும் கதிரைதான் மாமி." ஜெஸ்லியா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "அது ஆர், உங்கட விறாந்தையில இருக்கிறது?"