பின்வாசல் சாவி

"பார், மறுபடியும் வந்துட்டாங்க" என்றாள் ரொமெலியா.

கஸ்தோன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பூசணி விதைச் சாந்து ஊற்றிய தோர்த்தியா, அந்த ஊர்ச் சோள ரொட்டி, சூடாக இருந்தது.

"யாரு?"

"நேத்து சாயங்காலம் வந்த அதே பொம்பளைங்க. பின்வாசல் வழியா வர்றாங்க, நம்ம தொட்டிகிட்ட போறாங்க, தண்ணிச் சத்தம் கேக்குது, திரும்பிப் போறாங்க. வெளிய தெரியாம இருக்க வாளிக்கு மூடி வேற."

திருமண நாளைக் கொண்டாட இருவரும் மெரிதா நகரத்திலிருந்து அந்தப் பழைய கற்றாழைப் பண்ணை மாளிகைக்கு வந்திருந்தார்கள். ஞாயிறு வரை மாளிகை முழுவதும் அவர்களுக்குத்தான். அதன் குளியலறையைப் பார்த்துத்தான் ரொமெலியா இந்த இடத்தைப் பிடித்தாள். அந்தக் காலத்துப் பண்ணையார் கட்டியது. பின்சுவரை ஒட்டி உயரமான கல்தொட்டி. அதிலிருந்து தண்ணீர் தானாகவே குழாயில் இறங்கும். அவர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்த மேல் தாழ்வாரத்திலிருந்து பார்த்தால், தொட்டியின் படியேறும் பெண்களின் தலை மட்டும் தெரியும்.

"ஊர்க்காரங்கதானே. ஆளுக்கு ஒரு வாளி எடுத்துட்டுப் போகட்டுமே" என்றான் கஸ்தோன்.

"கேட்டிருந்தா நானே குடுப்பேன். கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு வேற."

காவல்காரர் சிரிலோவைக் கூப்பிட்டாள். அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"குளிச்சாச்சாம்மா? தண்ணி நல்லா வருதா?"

நேற்றிலிருந்து அவர் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து வெயிலுக்கு, விருந்தாளியிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் குளியலைப் பற்றித்தான் கேட்பார்கள்.

"இவர் கேக்கறதைப் பார்த்தா நாம ரொம்ப அழுக்கா இருக்கோம் போல" என்றான் கஸ்தோன்.

ரொமெலியா சிரிக்கவில்லை. "தண்ணி வருது. இவங்க விட்டா நாளைக்கும் வரும். யாரு அவங்க?"

சிரிலோ திரும்பிப் பார்த்தார்.

"நெய்சியும் அவ கூட்டாளிங்களும். பக்கத்து ஊருதான்."

"நீங்கதான் உள்ள விட்டீங்களா?"

"ஆமாம்மா."

"முதலாளிக்குத் தெரியுமா? போன் பண்ணிக் கேக்கட்டுமா?"

அவர் முகம் மாறியது. "வேண்டாம்மா. அவருக்குத் தெரிஞ்சா எனக்கு இங்க வேலை இருக்காது."

"அப்ப பின்வாசலைப் பூட்டுங்க. சாவி என்கிட்டயே இருக்கட்டும்."

சிரிலோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். கஸ்தோனைப் பார்த்தார், ரொமெலியாவைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போனார். திரும்பி வந்து, துருவேறிய பெரிய இரும்புச் சாவியை மேசைமேல் வைத்தார்.

அவர் போனதும் கஸ்தோன் கேட்டான். "நேத்து கிணத்தடியில இருந்த பலகையைப் படிச்சிட்டு யாரைத் திட்டின?"

பண்ணையார் கிணற்றைப் பூட்டி வைத்திருந்ததையும், கற்றாழை வெட்டும் ஆட்கள் அவர் வாசலில் குடத்தோடு காத்துக் கிடந்ததையும் அந்தப் பலகையில் எழுதியிருந்தார்கள். கல்நெஞ்சக்காரன் என்று ரொமெலியா வாய்விட்டே சொல்லியிருந்தாள்.

"அது வேற" என்றாள். "அவன் ஊர்த் தண்ணியைப் பூட்டினான். இது நம்ம தண்ணி."

சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பிற்பகலில் வெயில் தாங்காமல் குளிக்கப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே தலைக்கு நன்றாகச் சோப்புப் போட்டாள். குழாய் ஒருமுறை இருமியது. அப்புறம் சொட்டுக்கூட வரவில்லை.

பெரிய துண்டைச் சுற்றிக்கொண்டு பின்முற்றத்துக் கதவருகே வந்து கத்தினாள். கஸ்தோனும் சிரிலோவும் ஓடி வந்தார்கள்.

"பார்த்தீங்களா? காலையிலயே மொத்தத்தையும் காலி பண்ணிட்டாங்க."

சிரிலோ அவளைப் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். "சாவியைக் குடுங்கம்மா."

"எதுக்கு? மறுபடியும் அவங்களை விடறதுக்கா?"

"குடுங்கம்மா" என்றார் மறுபடியும், தணிந்த குரலில்.

கஸ்தோன் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து வந்து கொடுத்தான். பின்வாசல் பூட்டு கரகரவென்று திறந்தது.

வெளியே மரநிழலில் அதே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் மூடி போட்ட வாளிகள்.

"இன்னும் இங்கயேதான் இருக்காங்களா?" என்றாள் ரொமெலியா, சோப்பு எரிச்சலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

எல்லோருக்கும் முன்னால் இருந்த நெய்சி எழுந்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ரொமெலியாவின் தலையில் இருந்த நுரையைப் பார்த்ததும் அவசரமாக மூடியைக் கழற்றினாள். வாளி விளிம்புவரை நிறைந்திருந்தது.

"அடடா, பாதியிலயே நின்னுபோச்சா? கிணத்து மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னு சொன்னா, கல்யாண நாளும் அதுவுமா நீங்க குளிக்கவே யோசிப்பீங்கன்னு சிரிலோதான் யாரும் வாயத் திறக்கக் கூடாதுன்னுட்டாரு. எங்க ஊர்க் குழாயில பிடிச்சுட்டு வந்து உச்சி வெயில்லேருந்து காத்திருக்கோம், தொட்டியில ஊத்தலாம்னா யாரோ கதவைப் பூட்டிட்டாங்க. நீங்க முதல்ல குனிங்கம்மா, கண்ணு எரியும்."