புதுப் பதிப்பு

வீட்டுச் சன்னல் வெயில் கணினித் திரையில் விழுந்து எழுத்தை மங்கலாக்குகிறது. நூலகர் கையால் மறைத்துக்கொண்டு காலையில் வந்த மின்னஞ்சலை மறுபடி படிக்கிறாள். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருளைப் பத்து வருடமாகச் சம்பளமில்லாமல் பராமரிப்பவள் அவள். "நேத்து வந்த புதுப் பதிப்பு எங்க பாஸ்வேர்டைத் திருடுதும்மா," என்று எழுதியிருக்கிறார் ஒரு பயனர். அந்தப் பதிப்பை வெளியிட்டவன், இரண்டு வருடம் பிழை திருத்தித் தந்து, அவள் அம்மாவின் காய்ச்சலைக்கூட விசாரித்த தன்னார்வலன். முகம்கூடப் பார்க்காதவனை நம்பி வெளியிடும் உரிமையைக் கொடுத்திருந்தாள். இப்போது இணையத்தில் அவன் கணக்கே இல்லை. கெட்ட பதிப்பை நீக்கிவிட்டு, எல்லோருக்கும் மன்னிப்புக் கடிதம் அடிக்கிறாள். ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்க்கிறாள். "அவன் கழுத்தறுத்ததுக்கு நீ எதுக்குடி மன்னிப்பு கேக்குற?" "அவனை யாருக்குக்கா தெரியும்? என் பேரைப் பார்த்துத்தானே எல்லாரும் போட்டுக்கிட்டாங்க."