தலைகீழாய் நின்ற காவா

ஸ்பெயினில் ஒரு நிலவறை. அங்கே காவா என்கிற நுரை ஒயின் பாட்டில் ஒன்று, பலகைத் துளையில் தலைகீழாய் நின்றது. தினமும் காலையில் நிலவறையில் வேலை பார்க்கும் பாக்கோ வருவார், அதைப் பிடித்து ஒரு திருகு திருகுவார், போய்விடுவார்.

"ஒரு நாளாவது சும்மா விடுறாரா பாருங்க!" என்று காவா புலம்பும். "வயித்துக்குள்ள குமிழி வேற குறுகுறுங்குது. தூக்கமே இல்ல."

எதிரே ரியோஹா என்கிற சிவப்பு ஒயின் பாட்டில் படுத்திருந்தது. ஓக் பீப்பாயில் இரண்டு வருஷம், பாட்டிலில் மூன்று வருஷம் என்று தூங்கியே பக்குவமாகிற ரகம் அது.

"உனக்குள்ள கசடு இருக்கும்மா. திருகத் திருகத்தான் அது கழுத்துக்கு இறங்கும். அதுவரைக்கும் என்னையாவது தூங்க விடு."

"உங்களுக்கென்ன அண்ணே! உங்களை யாரும் தொடுறதில்ல."

ஒருநாள் பாக்கோ மூடியைத் திறந்தார். கசடு புஸ்ஸென்று வெளியே பறந்தது. தெளிந்த காவாவுக்குப் புது கார்க் அடித்து, அலமாரியில் நிமிர்த்தி வைத்தார்.

"அப்பாடா! இனி நிம்மதியாத் தூங்குவேன்" என்றது காவா.

மறுநாள் காலை பாக்கோ மற்ற பாட்டில்களை வரிசையாகத் திருகிக்கொண்டே வந்தார். காவாவைத் திரும்பியும் பார்க்காமல் தாண்டிப் போனார். காவா மதியம் வரை பொறுத்துப் பார்த்தது. முடியவில்லை.

"அண்ணே, தூங்கிட்டீங்களா?"

"தூங்கிட்டுத்தான் இருந்தேன். இப்ப என்ன?"

"நாளைக்கு அவர் வந்தா, என்னை ஒரே ஒரு திருகு திருகிட்டுப் போகச் சொல்லுங்களேன்."